கண்ணில் விழுந்த கவ்வாத்து

என் வலது கண்ணுக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது. மேல் இமையின் முடி வெளியே பார்க்காமல் உள்ளே திரும்பி, கருவிழியைக் குத்திக்கொண்டே இருந்தது. மற்றவர்களுக்கு இமைமுடி என்பது கண்ணுக்குக் காவல். எனக்கு மட்டும் காவல்காரனே வீட்டுக்குள் புகுந்து அடித்தான். மணல் விழுந்த மாதிரி உறுத்தல், ஓயாத தண்ணீர். சாவு வீடுகளில் எனக்கு நல்ல பெயர். இப்படி மனசு விட்டு அழுகிற ஆள் தோட்டத்தில் இல்லை என்பார்கள். கல்யாண வீட்டிலும் அதே மாதிரி அழுவதுதான் சங்கடம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, பொண்ணு ஒங்களுக்கு முன்னாடியே பழக்கமா?" என்று விசாரித்தார்கள். அந்தப் பெண்ணை நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

டயகமப் பக்கம் மேல்மலைத் தோட்டம் ஒன்றில் நான் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடி உயர்ந்து, வயதேறி, கொழுந்து குறைந்துபோனால் வளைந்த கத்தியால் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக்குவதுதான் கவ்வாத்து. வெட்டிய கட்டையில் கொஞ்ச நாளில் புதுத் துளிர் முன்னைவிடத் தடித்து, விறைத்து, குத்திக்கொண்டு கிளம்பும். பள்ளிக்கூடத்தில் என் தலைக்குள் ஏறாத பாடங்களை ஏற்ற ஒரு லொறி வேண்டும். ஆனால் வெட்டினால் விறைப்பாக முளைக்கும் என்ற ஒரு விஷயம் என் கைக்கே தெரியும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

என் மனைவி கொழுந்து எடுப்பவள். மலையில் அவள் விரல் போகிற வேகத்துக்குக் கண் போகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் லயம் என்கிற நீள வரிசை வீட்டில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வெளியே, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, என் தலையை மடியில் போட்டுக்கொள்வாள். கட்டைவிரலால் இமையைப் புரட்டிப் பிடித்து, உள்ளே திரும்பிய முடியை நகத்தாலேயே வேரோடு பிடுங்குவாள். வேரோடு வந்துவிட்டால் கண்ணுக்குப் பல நாள் நிம்மதி.

"ஆடாதீங்க."

"நான் எங்க புள்ள ஆடுறேன்? நீ மூச்சு விடுற."

"சரி, மூச்ச நிறுத்திர்றேன். மிச்சத்த நீங்களே புடுங்கிக்கங்க."

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. என் வாய் மட்டும் சும்மா இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும்.

காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடுவோம். அங்கேதான் கணக்கப்பிள்ளை வேலையைப் பிரித்துக் கொடுப்பார். ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர் விழும்; பாதி நாள் என்றால் அரைப் பேர். ஒரு திங்கட்கிழமை நல்ல பனிமூட்டம். கூட்டம் குளிரில் கூனிக் குறுகி நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு நாக்கு அரித்தது.

"கணக்கப்பிள்ளையா! எம் பொண்டாட்டி ஞாயித்துக்கெழமையும் கொழுந்து எடுக்கிறா. ஒரு அரைப் பேராச்சும் போடக் கூடாதுங்களா?"

அவர் பேனாவை நிறுத்தினார். "ஞாயித்துக்கெழம எந்த மலையில எடுக்கிறா?"

"எங் கண்ணு மலையிலங்க."

இமையைப் புரட்டி, விரலைக் குவித்து, அவள் பிடுங்குவதை அப்படியே நடித்துக் காட்டினேன். பெரட்டே குலுங்கியது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் கவ்வாத்துக் கங்காணி. அவர் மீசையோடும் முறைப்போடும் பிறந்தவர் என்று சொல்வார்கள். இன்னொருத்தி என் மனைவி.

அன்று முழுக்க மலையில் அவளை மற்ற பெண்கள் விட்டுவைக்கவில்லை.

"ஏன்டி, ஒம் புருஷன் கண்ணுல இந்த வாரம் எத்தன றாத்தல்?"

"கொழுந்தா மட்டும் எடுக்கிறியா, முத்தின எலையும் சேத்தாடி?"

"பாத்துடி, கண்ணையும் சேத்துக் கூடைக்குள்ள போட்டுறப் போற!"

சாயங்காலம் வந்தவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒங்க கண்ணு ஊருக்கு வேடிக்கையா இருக்கிறது ஒங்க பாடு. எங் கையி வேடிக்கை இல்ல. இனிமே கணக்கப்பிள்ளைகிட்டயே புடுங்கிக்கங்க."

அடுத்த ஞாயிறு வந்தது. மடி வரவில்லை. நானும் விட்டுக்கொடுப்பேனா? பக்கத்துக் காம்பராவில் ஒரு அக்கா துணி தைப்பார். அவரிடம் கத்தரிக்கோலை வாங்கினேன். முகக் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் சொருகினேன். முகத்தை எட்டுக் கோணலாக இழுத்து, இமையைத் தூக்கிப் பிடித்து, முடி அத்தனையையும் அடியோடு ஒட்ட வெட்டினேன். என்ன மட்டம், என்ன நேர்த்தி! தோட்டத்தை நடத்தும் பெரியதுரையே நேரில் வந்து பார்த்தாலும் அந்த வெட்டில் குறை சொல்ல முடியாது. நான் கண்ணாடியைப் பார்த்து எனக்கே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

உறுத்தல் நின்றது. அந்த வாரம் லயத்தில் என்னைவிடக் கர்வம் பிடித்தவன் கிடையாது. மனைவிதான் ஒரு நாள் சோறு போடும்போது குனிந்து பார்த்தாள்.

"கண்ண என்ன செஞ்சீங்க?"

"கவ்வாத்து."

கரண்டி அப்படியே நின்றது. "நீங்க வெட்டுற செடி என்ன ஆகும்?"

"மொளைக்கும்."

"எப்புடி மொளைக்கும்?"

"நல்லா வெறைப்பா..." என்று ஆரம்பித்த என் வாய் மூடவில்லை. அவள் கரண்டிச் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முளைத்தது. முன்பு மெத்தென்று நீண்டு கிடந்த முடி இப்போது கட்டை கட்டையாக, முள் முள்ளாக வந்தது. கண்ணை மூடினாலும் குத்து, திறந்தாலும் குத்து. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. பிறகு ஒரு காலையில் மனைவி கிட்டே வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கறுப்பு முழியில வெள்ளையா என்னமோ இருக்குங்க."

அந்தக் கண்ணோடு வேலைக்குப் போனேன். கவ்வாத்து மலையில் ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெட்டுவோம். எனக்குக் கிளை இரண்டாகத் தெரிந்தது. இல்லாத கிளையை ஓங்கி வெட்டினேன். கத்தி பக்கத்தில் நின்றவனின் காலடியில் இருந்த கல்லில் பட்டு நெருப்புப் பறந்தது.

கங்காணி இறங்கி வந்தார். என் கையிலிருந்த கத்தியை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நாளையிலிருந்து புல்லுக்குப் போ."

"கங்காணியாரே, கண்ணு நாளைக்கே சரியாயிரும்."

"சரியானதும் வா. நானே பாத்துட்டு கத்திய குடுக்கிறேன். ஒத்தக் கண்ணனுக்கு எம் மலையில கத்தி இல்ல."

புல்லு வெட்டுவது மட்டமான வேலை இல்லை. ஆனால் உலகத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது கவ்வாத்து ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது என் வாய். அந்த வாயை நம்பி யாராவது பேர் போடுவார்களா?

தோட்டத்து மருந்துக்காரர் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"முடிய வெட்டினியா? யாரு வெட்டச் சொன்னது?"

"நானாத்தாங்க."

"ஓ, பெரிய டொக்டருதான் சொல்லியிருக்காரு." டோர்ச்சை அணைத்தார். சிரிப்பும் அதோடு அணைந்தது. "கருவிழியில புண்ணுப்பா. இந்த வெள்ளை கண்ணுப் பாப்பாவுக்கு ஏறிச்சின்னா, ஜன்னல் கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடிச்ச கதைதான். மருந்து போட்டு விடுறேன். நாளைக்கே கண்டிக்குப் போ, கண் டொக்டரப் பாரு."

மறுநாள் மனைவியும் கிளம்பினாள். நான் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள், நான் ஒரு கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு பின்னால். ஹட்டன் வரை பஸ், அங்கிருந்து ரயில். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நாவலப்பிட்டி தாண்டும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எரியுதா?"

அதற்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. சொன்னால் எதிரில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்திருப்பார்கள். விழுங்கிவிட்டு, "எரியுது" என்று மட்டும் சொன்னேன். அவள் துண்டை வாங்கி, போத்தல் தண்ணீரில் நனைத்து, மடித்துக் கொடுத்தாள்.

கண் டொக்டர் சிங்கள ஆள்; ஐயா என்பதற்குப் பதிலாக 'மாத்தையா' என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். மலைநாட்டில் வேலை செய்து செய்து தமிழ் நன்றாகவே பேசுவார். முதலில் என்னைத் தூரத்தில் உட்கார வைத்து, சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைக் காட்டினார்.

"எழுத்து தெரியுதா?"

"தெரியுதுங்க மாத்தையா. பழக்கம்தான் இல்ல."

அவர் சிரித்துவிட்டு, அட்டையை விட்டு விரலைக் காட்டத் தொடங்கினார். இடது கண்ணுக்கு விரல் எல்லாம் ஒழுங்காக வந்தது. வலது கண்ணுக்கு ஒரு கை தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு இமையைப் புரட்டி, கண்ணுக்குள் மஞ்சள் மருந்து விட்டு, நெற்றியோடு நெற்றி முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"சின்ன வயசுல கண் நோவு அடிக்கடி வந்ததா?"

"கண் நோவு எப்பவும் இருந்துச்சுங்க. சின்ன வயசுதான் சீக்கிரம் போயிருச்சு."

"அதுதான். இமையில உள்பக்கம் தழும்பு. அந்தத் தழும்பு இழுத்து இழுத்து விளிம்பு உள்ளுக்குத் திரும்பிட்டுது."

அதுவரை சுவரோரம் நின்ற மனைவி முன்னால் வந்தாள். "வாரா வாரம் நான்தாங்க கையால புடுங்கினேன். அதனாலதான் இப்புடி ஆச்சுங்களா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ரயிலில் அவள் ஏன் பேசாமல் வந்தாள் என்று. நான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல, இல்ல. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுச் செய்யணும், அவ்வளவுதான். நீங்க பிடுங்கினதாலதான் இந்தக் கண் இவ்வளவு காலம் தப்பியிருக்கு. வெட்டினாத்தான் கட்டை கட்டையா வந்து கருவிழியக் கிழிக்கும். வெட்டினது யார்?"

அவள் விரல் என் பக்கம் திரும்பிய வேகத்தை, மலையில் கொழுந்து எடுக்கும்போதுகூட நான் பார்த்ததில்லை.

முதலில் புண் ஆற வேண்டும் என்று என்னை வார்டில் படுக்க வைத்து, மருந்து விட்டுக்கொண்டே இருந்தார்கள். முள்ளாக நின்ற முடிகளை டொக்டரே சாமணம் என்கிற சின்ன இடுக்கியால் பிடுங்கினார். தினமும் வந்து பார்ப்பார். வெள்ளை ஏறவில்லை என்று அவர் சொல்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. பிறகு ஒரு காலையில், "இனி இமையத் திருப்பலாம்" என்றார்.

ஒப்பரேஷன் மேசையில் என்னை முழித்திருக்கும்போதே படுக்க வைத்தார்கள். இமையில் போட்ட ஊசி இருக்கிறதே, அதைப் பற்றி வீரமாகச் சொல்லலாம் என்றால் அங்கே நின்ற நர்ஸ் சாட்சி. நான் போட்ட சத்தத்துக்கு அடுத்த அறையில் யாரோ, "அங்க என்ன, பிள்ளைப் பேறா?" என்று கேட்டார்கள்.

ஊசி ஏறியதும் இமை யாருடையதோ போல ஆனது. டொக்டர் விளக்கை இழுத்தார்.

"இனிக் கதைக்க வேணாம். சிரிக்கவும் வேணாம். முகம் ஆடினா என் கத்தியும் ஆடும்."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு பெரிய உதவி கேட்டதில்லை. நான் பல்லைக் கடித்தேன். அவர் வெட்டுவது வலிக்கவில்லை; ஏதோ இழுபடுவது மட்டும் தெரிந்தது. அவர் பேசிக்கொண்டே வேலை செய்தார். முடியின் மேல் பிழை இல்லை, அது நிற்கிற விளிம்பின் மேல்தான் பிழை என்றார். இமைக்குள் இருக்கும் விறைப்பான தகட்டை விளிம்போரமாக வெட்டி, விளிம்பை வெளிப்பக்கம் திருப்பி, அப்படியே வைத்துத் தைக்கப் போகிறாராம்.

"விளங்குதா?" என்று அவர் பாட்டுக்குக் கேட்டார்.

கேட்டது அவர் குற்றம். "விளங்குதுங்க மாத்தையா," என்றேன், உதட்டை அசைக்காமல். "கவ்வாத்து இல்ல. உள்ளுக்குத் தெறக்கிற லயத்துக் கதவக் கழட்டி, வெளிய தெறக்கிற மாதிரி மாட்டுறீங்க."

டொக்டரின் கை சட்டென்று மேலே போனது. முகமூடிக்குள் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. நர்ஸ் என்னைத்தான் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் டொக்டரைப் பார்த்து, "மாத்தையா!" என்றார், பள்ளிக்கூட டீச்சர் மாதிரி.

"நான்தான் சிரிச்சது," என்றார் டொக்டர். "சரி, சரி. கதவ மாட்டுவோம்."

நான் ஆடவே இல்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. நான் வாய் பேசியும் முகம் ஆடாத ஒரே நேரம் அதுதான்.

தையல் பிரித்த பிறகு மனைவி ஒரு கண்ணாடி கொண்டுவந்து காட்டினாள். கருவிழி ஓரத்தில் அரிசிக் குறுணை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி நின்றுவிட்டது. அது போகாது, பாப்பாவுக்கும் வராது என்றார் டொக்டர். இமையைத்தான் கொஞ்சம் கூடவே திருப்பியிருந்தார், நாளடைவில் இறங்கிவிடும் என்று. அதனால் இமைமுடி வானத்தைப் பார்த்தது. என் இடது கண் எப்போதும் போல இருக்க, வலது கண் எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்பட்டது. வார்டில் கஞ்சி வந்தாலும் ஆச்சரியம், கஞ்சி போனாலும் ஆச்சரியம்.

கிளம்பும்போது டொக்டர் என்னிடம் சொல்லவில்லை, மனைவியிடம்தான் சொன்னார்: "ஒண்ணு ரெண்டு முடி திரும்ப உள்ளுக்கு வரலாம். வந்தா வேரோட பிடுங்கணும். இவர் கத்தரிக்கோல் எடுத்தா எனக்கு ஆள் அனுப்புங்க."

தோட்டத்துக்கு வந்து, காயம் நன்றாக ஆறும் வரை புல்லு வெட்டினேன். அதற்குள் பக்கத்து மலையில் கவ்வாத்து தொடங்கப் போகிற பேச்சு வந்தது. கங்காணியிடம் போய் நின்றேன்.

"நாளைக்கு பெரட்டுல வச்சுப் பாக்குறேன்," என்றார். "எல்லாரும் பாக்கட்டும். நாளைக்கு நீ யாரு காலயாவது வெட்டினா, நான் கண்ண மூடிக்கிட்டு கத்தி குடுத்தேன்னு பேச்சு வரக் கூடாது."

மறுநாள் காலையில் எழுந்தேன். வலது கண்ணில் அதே பழைய உறுத்தல். அதே தண்ணீர். டொக்டர் கதவைத் திருப்பி மாட்டினார். அது திரும்ப உள்ளே போய்விட்டதா?

"புள்ள, போச்சு. எல்லாம் போச்சு."

"சத்தம் போடாதீங்க. வெளிச்சத்துக்கு வாங்க."

தாடையைப் பிடித்துத் தூக்கினாள். இமையைப் புரட்டினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு. ஓரத்துல."

"புடுங்கு புடுங்கு!"

இமையை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். "கணக்கப்பிள்ளையக் கூப்புடவா?"

"வெளையாடாத புள்ள. இன்னிக்குத்தான் கங்காணி பாக்கப் போறாரு."

"பெரட்டுல வச்சுத்தான சிரிச்சீங்க? அதே பெரட்டுல வச்சுச் சொல்லுங்க. இந்தக் கண்ணு யாரால பொழச்சதுன்னு."

"சொல்றேன்."

"சிரிக்காமச் சொல்லணும்."

அதுதான் கஷ்டமான நிபந்தனை. ஒத்துக்கொண்டேன். அவள் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தாள். ஒரு நொடிதான். நகத்தின் நுனியில் அந்த முடியைக் காட்டினாள், வேரோடு.

பெரட்டுக்களத்தின் ஓரத்தில், வாய்க்கால் மேட்டில், யாரும் கவனிக்காத ஒரு பழைய தேயிலைச் செடி நின்றது. கங்காணி என் துண்டை வாங்கி, என் நல்ல கண்ணை, இடது கண்ணை, இறுக்கிக் கட்டினார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து என் கையில் வைத்தார்.

"இத வெட்டு."

கூட்டம் சுற்றி நின்றது. "பாத்து, வாய்க்கால வெட்டிறாத!" என்றான் ஒருவன். "எல்லாரும் கால எடுத்துக்கங்கப்பா!" என்றான் இன்னொருவன். வழக்கமாக இப்படிப் பேசுகிற ஆள் நான். எதிர்ப்பக்கத்தில் நிற்பது எவ்வளவு குளிர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

செடியைப் பார்த்தேன். பனிக்குள் கிளை கிளையாக, ஒன்றுக்கு ஒன்று என்று தெளிவாக நின்றது. இரட்டை இல்லை. செத்த கிளை எது, உயிர்க் கிளை எது என்று பட்டை நிறமே சொன்னது. குனிந்தேன். முதல் வெட்டு விழுந்ததும் என் கை என்னைக் கேட்கவில்லை, அது பாட்டுக்குப் போனது. சாய்வு வெட்டு, பிளவு இல்லாமல், எல்லாம் ஒரே மட்டம். கடைசிக் கிளை விழுந்தபோது, காலை எடுக்கச் சொன்னவனே கிட்டே வந்து எட்டிப் பார்த்தான்.

கங்காணி உட்கார்ந்து, ஒவ்வொரு வெட்டு முகத்தையும் கட்டைவிரலால் தடவினார். எழுந்தார். துண்டை அவரே அவிழ்த்தார்.

"கணக்கப்பிள்ளையா, இவனுக்கு கவ்வாத்துல பேரு போடுங்க."

எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் கொழுந்துக்காரிகள் வரிசையில், கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கணக்கப்பிள்ளை பக்கம் திரும்பினேன்.

"கணக்கப்பிள்ளையா, முந்தி ஒரு நாளு நான் இங்க வச்சு ஒண்ணு சொல்லிச் சிரிச்சேங்க. கண்டியில கண் டொக்டரே சொல்லிட்டாரு, எம் பொண்டாட்டி கையிதான் இந்தக் கண்ணக் காப்பாத்திருக்கு. நான் வெட்டித்தான் கெடுத்தேன். இன்னிக்குக் காலையிலயும் அவதாங்க எடுத்து விட்டா. அதனால..." இவ்வளவு நேரம் சிரிக்காமல் இருந்தேன், கடைசியில் வாய் என்னை மீறிவிட்டது. "அதனால அவளுக்கு ஒரு அரைப் பேராச்சும் போடுங்க."

நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது கொழுந்துக்காரிகள் வரிசையிலிருந்து, மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி, அவள் குரல் வந்தது.

"என்னங்க அரைப் பேரு? முழுப் பேரு!"

பெரட்டு வெடித்துச் சிரித்தது. இந்த முறை அவளும் சேர்ந்து சிரித்தாள். கங்காணியின் மீசை ஒரு பக்கமாக மேலே போனதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வலது கண் ஏற்கெனவே ஆச்சரியமாகத்தான் நின்றது. இடது கண்ணும் அதோடு சேர்ந்துகொண்டது.